பன்னிரண்டாம் வரிசை

3 ஜூன் 2024, திங்கள்

காலை 6.40. குடிலுக்குள் உயிரோடு இருப்பவை 1,206. முதல் தடவை எண்ணியபோது 1,206. இரண்டாவது தடவை 1,205. மூன்றாவதாகக் காவேரி எண்ணி 1,206 என்றார். பன்னிரண்டாம் வரிசையில் டிரம்முக்குப் பின்னால் ஒன்று ஒளிந்திருக்கிறதாம். சரி.

எழுதி வைப்பது முதலாளி உத்தரவு. பத்ரிநாராயணன் சேலத்தில் இருக்கிறார், ஞாயிறு மட்டும் ஏற்காட்டுக்கு ஏறி வருவார். நேற்று வந்தபோது, "சிபி, என்ன ஊத்துன, எப்ப ஊத்துன, எல்லாத்தையும் எழுதி வைப்பா. நான் கேக்கும்போது முழிக்கக் கூடாது" என்றார். எழுதுகிறேன். அவர் கேட்பதற்குத் தனியாக ஒரு பதிவேடு இருக்கிறது. இது எனக்கு.

எஸ்டேட் முழுக்கக் காபி. நடுவில் இந்த ஒரு பசுமைக்குடில் மட்டும் முதலாளியின் ஆசை. உள்ளே இருப்பது எல்லாம் புரோமிலியாட். குஸ்மேனியா, ஏக்மியா, நியோரெஜீலியா, கொஞ்சம் டில்லான்சியா. அன்னாசியின் பங்காளிகள். இலைகள் அடியில் ஒன்றை ஒன்று கவ்விக்கொண்டு நடுவில் ஒரு கிண்ணம் மாதிரி ஆகும். அதில் தண்ணீர் நிற்கும். செடி குடிப்பது அந்தக் கிண்ணத்திலிருந்துதான், இலை வழியாக. வேர் சும்மா பிடித்துக்கொள்ள. கன்றிலிருந்து பூவுக்கு இரண்டு மூன்று வருடம். ஒரே ஒரு முறை பூக்கும். பிறகு தாய் சாகும், அடியில் கன்று வரும். எனக்குக் கொஞ்சமும் ஒத்துவராத செடி. நாலு வருடம் தோட்டக்கலை பி.டெக் படித்தது இப்படி உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருக்கவா?

ஆகஸ்ட் 25-ல் ஏரிக்குப் பக்கத்தில் ஒரு ஹோட்டல் திறக்கிறார்கள். 400 குஸ்மேனியா, எல்லாம் சிவந்திருக்க வேண்டும். அதைச் சரியாகக் கொடுத்துவிட்டால் ஓசூரில் திசு வளர்ப்புக் கம்பெனி வைத்திருக்கும் தன் நண்பருக்கு முதலாளி கடிதம் தருவார். நான் இந்த மலையில் இருப்பதற்கு அது ஒன்றுதான் காரணம்.

இன்று 400 கிண்ணத்திலும் எத்திஃபான் ஊற்றினேன். பன்னிரண்டு வாரத்தில் பூ வரும். செடி சொல்லும்வரை காத்திருக்க வேண்டியதில்லை.

காவேரி பின்னாலேயே வந்தார். குடிலில் பதினோரு வருடமாக வேலை செய்கிறவர், நாற்பது வயது இருக்கும். "இதுங்களுக்கே தெரியாம வயசுக்கு வர வெக்கிறீங்களே சார், பாவமில்லையா?" என்றார்.

"பாவம் பார்த்தா ஹோட்டல்காரன் பிளாஸ்டிக் பூ வாங்கிருவான் அக்கா."

"அப்ப ஊத்துங்க, ஊத்துங்க. சிந்தாம ஊத்துங்க."

6 ஜூன், வியாழன்

சுகாதாரத் துறையிலிருந்து ஒரு பெண்மணி வந்தார். டார்ச்சும் கரண்டியுமாக. ஏழாவது வரிசையில் ஒரு கிண்ணத்தில் கரண்டியை விட்டு எடுத்துக் காட்டினார். கொசுப்புழு நெளிகிறது.

"இது செடியா, கொசுப் பண்ணையா தம்பி? மூணு வாரத்துல திரும்ப வருவேன். புழு இருந்துச்சுன்னா நோட்டீஸ்தான்."

கிண்ணத்தைக் காலி செய்தால் செடி காயும். அதை அவரிடம் விளக்கினேன். "அதெல்லாம் உங்க பாடு" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

10 ஜூன், திங்கள்

குடிலுக்குள் தண்ணீர் தூவும் ஃபாகர்களில் பாதி அடைத்துக்கொண்டுவிட்டன. பனி மாதிரி தூவ வேண்டியவை மூக்கு ஒழுகுவது மாதிரி சொட்டுகின்றன. காரணம் மேல்தொட்டியில் பாசி. மேட்டின் மேல் இருக்கிறது, ஐயாயிரம் லிட்டர். ஏறிப் பார்த்தேன், பச்சைக் குழம்பு.

ஸ்டோரில் காபிக்கு வாங்கிய மயில்துத்தம், அதாவது காப்பர் சல்பேட், ஒரு மூட்டை இருக்கிறது. 20 கிராம் எடுத்துக் கரைத்து ஊற்றினேன். லிட்டருக்கு நாலு மில்லிகிராம். பாசிக்குப் போதும், வேறு எதற்கும் ஒன்றும் ஆகாது. ஸ்டோர் புத்தகத்தில் எழுதவில்லை. இருபது கிராமுக்கெல்லாம் கையெழுத்துப் போட்டுக்கொண்டிருந்தால் வேலை ஓடாது. பதிவேட்டிலும் எழுதவில்லை. தண்ணீர்த் தொட்டி கழுவுவதை யார் பதிவேட்டில் எழுதுவார்கள்?

இனி ஒவ்வொரு திங்களும்.

14 ஜூன், வெள்ளி

பாசி போயே போய்விட்டது. எல்லா ஃபாகரும் வேலை செய்கின்றன. ஒரு நாளைக்கு மூன்று தடவை, ஆறு நிமிடம். பன்னிரண்டாம் வரிசைக்கு மட்டும் பைப் எட்டவில்லை, நாலு மீட்டர் குறைச்சல். அந்த 96 செடிக்கும் காவேரிதான் மழைத்தண்ணீர் டிரம்மிலிருந்து மக்கில் மோந்து ஊற்றுகிறார். ஒவ்வொரு கிண்ணமாக. பார்க்கவே எனக்குக் கால் வலிக்கிறது.

17 ஜூன், திங்கள்

தொட்டிக்கு 20 கிராம்.

19 ஜூன், புதன்

கிண்ணங்களில் சின்னத் தவளைகள் குடியிருக்கும். சாயங்காலமானால் சேர்ந்து கத்தும், போனில் பேச முடியாது. இரண்டு நாளாகச் சத்தமே இல்லை. நிம்மதி.

காவேரிக்குத்தான் நிம்மதி இல்லை. "எங்க சார் போச்சுங்க எல்லாம்?" என்று ஒவ்வொரு கிண்ணமாக எட்டிப் பார்க்கிறார்.

"டூர் போயிருக்கும்."

"பன்னண்டுல மட்டும் நாலு உக்காந்திருக்கு. அதுங்களுக்கு மட்டும் லீவு இல்லையா?"

24 ஜூன், திங்கள்

தொட்டிக்கு 20 கிராம்.

மேஸ்திரி ஆரோக்கியசாமி வந்து, காபிக்குப் போர்டோ மருந்து அடிக்க ஆள் பற்றவில்லை, காவேரியை இரண்டு நாள் கொடுங்கள் என்றார். போர்டோ என்பது மயில்துத்தமும் சுண்ணாம்பும் கலந்த நீல மருந்து. மழைக்கு முன்னால் காபிக்கு அடித்தே ஆக வேண்டும். அனுப்பினேன். காவேரி குடிலின் கைத்தெளிப்பானையும் எடுத்துக்கொண்டு போனார், அவர்களிடம் ஒன்று உடைந்துவிட்டதாம்.

26 ஜூன், புதன்

காவேரி திரும்பிவிட்டார். நகமெல்லாம் நீலம். தெளிப்பானின் தோள்வாரும் நீலம்.

"கிருஷ்ணர் வேஷம் போட்ட மாதிரி ஆயிட்டேன் சார். புல்லாங்குழல் ஒண்ணுதான் பாக்கி."

"தெளிப்பானைக் கழுவுனீங்களா?"

"மூணு வாட்டி."

சாயங்காலம் அதே தெளிப்பானில் யூரியா கரைத்து முதல் பதினொரு வரிசைக்கும் அடித்தார். பன்னிரண்டுக்கு மக்கிலேயே.

27 ஜூன், வியாழன்

சுகாதாரத் துறை மேடம் வந்தார். நாற்பது கிண்ணத்தில் கரண்டி விட்டார். ஒரு புழு இல்லை. "என்ன தம்பி பண்ணுனீங்க? மத்த தோட்டத்துக்காரங்களுக்கும் வந்து சொல்லிக்குடுங்க" என்றார். நல்ல பராமரிப்பு என்று சொன்னேன். பன்னிரண்டாம் வரிசைக்கு அவர் போகவில்லை. மழை வந்துவிட்டது.

2 ஜூலை, செவ்வாய்

மூன்றாம் வரிசையில் ஏழு குஸ்மேனியா. நடு இலை பழுப்பாக இருக்கிறது. பிடித்து லேசாக இழுத்தேன், குருத்து அப்படியே கையோடு வந்துவிட்டது. அடி அழுகியிருக்கிறது, நாற்றம்.

5 ஜூலை, வெள்ளி

1,180.

இருபத்தாறு போய்விட்டன. பூஞ்சையாகத்தான் இருக்கும், குருத்தழுகல். மழைக்காலத்தில் வருவது. கோயம்புத்தூரில் ஒரு சோதனைக்கூடத்துக்கு ஆறு செடியின் இலைகளைக் கூரியரில் அனுப்பினேன். ஒரு வாரம் ஆகுமாம். ஒரு வாரம்!

காவேரி செத்த செடிகளைக் குப்பையில் போட விடவில்லை. குடிலுக்கு வெளியே வரிசையாக அடுக்கி வைத்திருக்கிறார்.

"எதுக்கு அக்கா இது?"

"தெரியல சார். தூக்கிப் போட மனசு வல்ல."

8 ஜூலை, திங்கள்

பாசி கொஞ்சம் தலைகாட்டுகிறது. 40 கிராம். சாவு எண்ணிக்கைக்கு நடுவில் ஃபாகரும் அடைத்தால் எனக்குப் பைத்தியம் பிடிக்கும்.

12 ஜூலை, வெள்ளி

1,052. சோதனை முடிவு வந்துவிட்டது. பூஞ்சை இல்லை. பாக்டீரியா இல்லை. இலையில் செம்பு, இருக்க வேண்டியதைப் போல இருபது மடங்கு. கீழே ஒரு வரி எழுதியிருந்தார்கள்: இந்தக் குடும்பத்துச் செடிகளுக்குச் செம்பு விஷம், செம்பு மருந்துகளை அருகில் கொண்டுவர வேண்டாம்.

மூன்றாம் வருடத்தில் இதைப் படித்திருப்பேன். அன்னாசிப் பாடத்துக்குள் எங்கோ ஒரு வரியாக இருந்திருக்கும். நினைவில்லை.

செம்பு எங்கிருந்து வரும்? போர்டோ. நீலத் தோள்வார். நீல நகம். அதே தெளிப்பானில் பதினொரு வரிசைக்கும் யூரியா. பன்னிரண்டுக்குத் தெளிப்பான் போகவில்லை, பன்னிரண்டு நன்றாக இருக்கிறது. இதைவிடத் தெளிவாக என்ன வேண்டும்?

மேல்தொட்டியில் நான் போடுவது லிட்டருக்கு நாலு மில்லிகிராம். இந்த வாரம் மட்டும் எட்டு. கணக்கு மறுபடியும் போட்டுப் பார்த்தேன், சரியாக இருக்கிறது. அது இல்லை.

முதலாளிக்குப் போன் செய்தேன். திங்கட்கிழமை காலையிலேயே வருகிறேன் என்றார்.

15 ஜூலை, திங்கள்

இங்கே காலை 7.15-க்குப் பெரட்டு. காபி ஸ்டோர் முன்னால் ஆட்கள் எல்லோரும் வரிசையாக நிற்பார்கள், மேஸ்திரி பேர் வாசிப்பார், வேலை பிரிப்பார். ஒருவருக்குப் பாராட்டோ திட்டோ எது இருந்தாலும் அங்கேதான், எல்லோர் காதிலும் விழுகிற மாதிரி. தனியாகக் கூப்பிட்டுச் சொன்னால் அது கணக்கில் வராது. வெள்ளைக்காரன் காலத்துப் பழக்கம் என்கிறார்கள்.

பேர் வாசித்து முடிந்ததும் முதலாளி என்னை முன்னால் கூப்பிட்டு, "ரிப்போர்ட்டைப் படிப்பா" என்றார். படித்தேன். தமிழில் சொல்லச் சொன்னார். சொன்னேன். காவேரி வரிசையிலிருந்து ஓரடி முன்னால் வந்து நின்றார். யாரும் கூப்பிடவில்லை.

"காபிக்கு அடிச்ச டப்பாவைத்தான் உள்ள கொண்டுபோனியா?" முதலாளி கேட்டார்.

"கழுவித்தாங்க கொண்டுபோனேன்."

"எத்தன வாட்டி?"

"மூணு வாட்டி கழுவுனேங்க. சோப்புப் போட்டு."

"சிபி, மூணு வாட்டி கழுவுனா போயிருமா?"

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். "முழுசாப் போகும்னு சொல்ல முடியாது சார்" என்றேன். அது பொய் இல்லை.

மேஸ்திரி குறுக்கே வந்தார். "ஐயா, ஒண்ணு சொல்றேன், கோவிச்சுக்கக் கூடாது. அவ கையால தண்ணி ஊத்துற வரிசைதானே நல்லா இருக்கு? கை நஞ்சுன்னா அதுல்ல மொதல்ல போவணும்?"

"அங்க தெளிப்பான் போகல மேஸ்திரி. அதான் நல்லா இருக்கு" என்றேன்.

"நீங்க படிச்சவரு" என்றார் மேஸ்திரி. பாராட்டு மாதிரி இல்லை.

முதலாளி கத்தவில்லை. கத்தியிருந்தால் பரவாயில்லை. "பதினோரு வருசம் இருந்துட்ட, போலீஸு கீலீஸுன்னு போக மாட்டேன். மாசக் கடைசிக்குள்ள லைன் வீட்டைக் காலி பண்ணிரு" என்றார். காவேரி இரண்டு கையையும் விரித்து நகத்தைப் பார்த்துக்கொண்டு நின்றார். நீலம் எப்போதோ போய்விட்டிருந்தது.

தொட்டிக்கு 20 கிராம்.

16 ஜூலை, செவ்வாய்

பெரட்டில் மேஸ்திரி பேர் வாசித்தார். கனகா. குப்புசாமி. நடுவில் ஒரு பேருக்கான நேரம் நிறுத்தினார். வேண்டுமென்றே செய்கிறார்.

17 ஜூலை, புதன்

காவேரி மாதக் கடைசி வரை காத்திருக்கவில்லை. ஒரு பீரோ, இரண்டு பாய், ஒரு ஆடு. மினி லாரியில் ஏற்றிக்கொண்டு போய்விட்டார். ஆடு ஏற மறுத்தது. நான் குடிலுக்குள் இருந்தேன்.

பன்னிரண்டாம் வரிசைக்கு இனி யார் மக்கில் ஊற்றுவது? நாலு மீட்டர் பைப், மூன்று ஃபாகர், ஒரு மணி நேரம்தான் ஆனது. பதினோரு வருடமாக இதை யாரும் செய்யவில்லை என்பதை நம்பவே முடியவில்லை.

22 ஜூலை, திங்கள்

840.

தெளிப்பானை ஸ்டோரில் பூட்டி வைத்து ஒரு வாரம் ஆகிறது. இன்னும் சாகின்றன. பழைய விஷம், மெதுவாக வேலை செய்கிறது. அப்படித்தான் இருக்க வேண்டும்.

தொட்டிக்கு 20 கிராம்.

25 ஜூலை, வியாழன்

இரண்டு தடவை சாப்பிட மறந்துவிட்டேன். குடிலுக்கும் தொட்டி மேட்டுக்கும் நடுவில் நடந்துகொண்டே இருக்கிறேன். மேஸ்திரி பார்த்துவிட்டு, "என்ன சார், பிரதட்சணமா?" என்றார்.

29 ஜூலை, திங்கள்

634.

தொட்டிக்கு ஒன்றும் போடவில்லை. பாசி இல்லை.

30 ஜூலை, செவ்வாய்

காலை 6.50. பன்னிரண்டாம் வரிசை. பதினெட்டுச் செடியில் நடு இலை பழுப்பு.

அங்கே தெளிப்பான் போனதே இல்லை. காவேரி போய்ப் பதிமூன்று நாள் ஆகிறது. அங்கே புதிதாகப் போனது ஒன்றுதான், நான் போட்ட பைப்.

பத்தாம் வகுப்பில் செய்த சோதனை ஞாபகம் இருக்கிறது. மயில்துத்தக் கரைசலில் இரும்பு ஆணியைப் போட்டால் ஆணி மேல் செம்பு படியும். புது ஷேவிங் பிளேடு மூன்று எடுத்தேன். ஒன்றை மழைத்தண்ணீர் டிரம்மில். ஒன்றை மேல்தொட்டித் தண்ணீரில். ஒன்றை மூன்றாம் வரிசைக் கிண்ணம் ஒன்றில், தண்ணீர் வற்றி அரை டம்ளர்கூட இல்லாத கிண்ணம்.

31 ஜூலை, புதன்

டிரம் பிளேடு, வெள்ளை. தொட்டி பிளேடு, கிட்டத்தட்ட வெள்ளை. கிண்ணத்துப் பிளேடின் ஓரம் முழுக்கச் சிவப்பு. ஃபாகரை நிறுத்தினேன்.

கணக்கு சரிதான். தொட்டிக்கு. வேறு செடி என்றால் தண்ணீர் மண்ணில் இறங்கிப் போய்விடும். இது கிண்ணத்தில் பிடித்து வைத்துக்கொள்கிறது. தண்ணீர் ஆவியாகும், செம்பு ஆவியாகாது. மறுபடி தூவினால் மறுபடி கொஞ்சம். நாளைக்கு மூன்று தடவை, ஏழு வாரம். நான் கிண்ணத்துக்குக் கணக்குப் போடவே இல்லை. புரோமிலியாட் என்றால் கிண்ணம், அவ்வளவுதான். முதல் பக்கத்தில் நானே எழுதியிருக்கிறேன்.

1 ஆகஸ்ட், வியாழன்

எழுத ஒன்றும் இல்லை.

2 ஆகஸ்ட், வெள்ளி

ஜூலை 12-ஆம் தேதிப் பக்கத்தைத் திரும்பப் படித்தேன். "அது இல்லை." தெரியாத ஆள் அப்படி எழுத மாட்டான். அந்த வரியை எழுதவே தேவை இருந்திருக்காது.

3 ஆகஸ்ட், சனி

காவேரி ஏரிக்கரையில் அத்தை மகன் பஜ்ஜிக் கடையில் இருக்கிறார் என்று கேள்விப்பட்டேன். மதியம் போனேன். போகும் வழியெல்லாம் இரண்டு வாக்கியத்தை மனப்பாடம் செய்துகொண்டே போனேன். சனிக்கிழமைக் கூட்டம். படகுக்கு டிக்கெட் வாங்கியவர்கள் எல்லாம் பஜ்ஜி தின்றுகொண்டிருந்தார்கள். சட்டியின் முன்னால் காவேரி.

"சிபி சார்! வாங்க, வாங்க. மொளகாயா, வாழக்காயா? மொளகா உங்களுக்குத் தாங்காது, வாழக்காயே தின்னுங்க."

நாலு வைத்துக் கொடுத்தார். நின்றுகொண்டே தின்றேன்.

"எளச்சுட்டீங்களே. சோறு திங்கறீங்களா இல்லையா?"

"திங்கறேன் அக்கா."

"செடிங்க எப்புடி இருக்கு?"

"இருக்கு."

"எத்தன?"

எண்ணிக்கையில் மட்டும் எனக்குப் பொய் வராது. "ஐநூத்திப் பன்னண்டு."

கரண்டி நின்றுவிட்டது. எண்ணெய் மட்டும் பொரிந்துகொண்டிருந்தது.

"பன்னண்டாம் வரிசை?"

"அதுலயும்."

"அதுல நான் தெளிப்பானே வெக்கலியே சார்." கொஞ்ச நேரம் யோசித்தார். அவருக்குத் தெரிந்துவிட்டது என்று நினைத்தேன். தெரிந்துவிட வேண்டும் என்று ஆசைப்பட்டேன். "அப்ப கைதான். மக்குல மோந்து மோந்து ஊத்துனேன்ல? வெரலு தண்ணியில பட்டுக்கிட்டேதான் இருக்கும். நகத்துல இருந்துருக்கு. எத்தன வாட்டி தேச்சுக் கழுவுனேன் தெரியுமா? பதினோரு வருசம் பாத்ததுங்கள என் கையாலேயே கொன்னுட்டேன் பாத்தீங்களா."

"அக்கா, அது வந்து..."

"இருங்க, நான் சொல்லி முடிச்சிர்றேன். உங்க மேல எனக்குக் கோவமே இல்ல. அன்னிக்கு ஆத்தரமா இருந்துச்சு, பொய் சொல்லல. அப்பறம் யோசிச்சேன். நீங்க மட்டும் கண்டுபுடிக்கலேன்னா, நான் இன்னும் தொட்டுத் தொட்டு மிச்சத்தையும் சாவடிச்சிருப்பேன். நல்லதுதான் பண்ணுனீங்க."

பக்கத்துத் தள்ளுவண்டியில் ஒருவர் அன்னாசி வெட்டி மிளகாய்ப்பொடி தூவிக்கொண்டிருந்தார். காவேரி அந்தப் பக்கம் முதுகைக் காட்டித்தான் நின்றுகொண்டிருந்தார். "இதுவும் அதுங்க சொந்தந்தான்னு நீங்க சொன்னீங்கல்ல. கொண்டைய அப்புடியே திருகி எறியறான். பாக்க முடியல. அதான் சட்டியத் திருப்பி வெச்சுக்கிட்டேன்."

நாலு பேர் வந்து மிளகாய் பஜ்ஜி கேட்டார்கள். "குருத்து போனதுங்க அடியில கன்னு விட்டிருக்கான்னு பாத்தீங்களா? நடுவு செத்தா சில சமயம் பக்கத்துல எட்டிப் பாக்கும்" என்று மாவில் மிளகாயை முக்கிக்கொண்டே கேட்டார்.

பார்க்கவில்லை என்றேன்.

"பாருங்க சார். போயிப் பாருங்க."

வந்துவிட்டேன். அந்த இரண்டு வாக்கியமும் வாயிலேயே இருக்கின்றன. கூட்டம் என்று எழுத வந்தேன். கூட்டம் ஒன்றும் என் வாயைப் பொத்தவில்லை. அவர் நன்றி சொல்லிக்கொண்டிருந்தார், நான் வாங்கிக்கொண்டு நின்றேன்.

4 ஆகஸ்ட், ஞாயிறு

காலை. 487. வெளியே காவேரி அடுக்கிய வரிசையில் போய்ப் பார்த்தேன். குப்பைக்குப் போகாமல் அவர் முதலில் எடுத்து வைத்த இருபத்தாறில் ஒன்பது, அடியில் விரல் அளவுக்குக் கன்று விட்டிருக்கின்றன. வெளியே மழையில் நனைந்ததால் கிண்ணம் கழுவப்பட்டிருக்கிறது. அதற்குப் பிறகு செத்து, குடிலுக்குள்ளேயே நான் விட்டு வைத்தவற்றில் ஒன்றுகூட இல்லை.

பதினொன்றரைக்கு முதலாளி வந்தார். நல்ல மனநிலையில் இருந்தார். "ஹோட்டல்காரங்ககிட்டப் பேசிட்டேன் சிபி. வேலைக்காரம்மா பண்ண தப்பு, எங்க டெக்னிக்கல் ஆளுதான் கண்டுபுடிச்சான்னு சொன்னேன். ரெண்டு மாசம் டைம் குடுத்துட்டாங்க. உன் மேல தப்பு இல்ல, உனக்கு எதுக்குத் தண்டனை?" என்று பையிலிருந்து ஒரு உறையை எடுத்து நீட்டினார். ஓசூர்க் கடிதம். கவனமானவன், பொறுப்பானவன் என்று எழுதியிருக்கிறாராம்.

இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டேன். தேங்க்ஸ் சார் என்றேன். அவர் இங்கேயே தங்குகிறார், நாளைப் பெரட்டு பார்த்துவிட்டுத்தான் இறங்குவார்.

இப்போது சாயங்காலம் 4.20. உறை ஒட்டியபடியே மேசையில் இருக்கிறது. மூன்று தடவை எழுந்து நடந்தேன், மூன்று தடவை உட்கார்ந்தேன். நாளை பெரட்டு முடிந்ததும் ஓசூருக்குப் பஸ் இருக்கிறது, அதையும் விசாரித்து வைத்திருக்கிறேன். யாரும் எதுவும் கேட்க மாட்டார்கள். கேட்க மாட்டார்கள் என்பதுதான் உட்கார விடமாட்டேன் என்கிறது.

நாளை, 5 ஆகஸ்ட், திங்கள், செய்ய வேண்டியவை:

1. மேல்தொட்டியை அடி வால்வு வரை திறந்து காலி செய்வது. குடில் பக்கம் ஒரு சொட்டு வரக் கூடாது.

2. பன்னிரண்டாம் வரிசைக்கு நான் போட்ட பைப்பைக் கழற்றுவது. மற்ற பைப்புகளை மழைத்தண்ணீரால் அலசாமல் ஃபாகரைப் போடக் கூடாது.

3. மிச்சம் இருக்கிற ஒவ்வொன்றையும் தலைகீழாகக் கவிழ்ப்பது, டிரம் தண்ணீரால் மக்கில் மூன்று முறை கழுவுவது. கையால்தான் ஆகும். எத்தனை நாள் ஆனாலும் சரி.

4. கன்று விட்ட ஒன்பதையும் தொடாமல் விடுவது. பிரிக்க எனக்குத் தெரியாது.

5. உறையைத் திறக்காமல் முதலாளியிடம் கொடுப்பது. இந்த நோட்டையும் சேர்த்து.

6. மேலே இருக்கிற ஐந்தும் இதற்குப் பிறகுதான். 7.15, பெரட்டு. மேஸ்திரி பேர் வாசித்து முடித்ததும், ஆட்கள் கலைவதற்குள் முன்னால் போய், கடைசி வரிசைக்குக் கேட்கிற மாதிரி: ஏழு வாரம் தண்ணீரில் மயில்துத்தம் போட்டது நான். காவேரி கை சுத்தம்.

7. அங்கிருந்து ஏரிக்கரை. இதையே காவேரியிடம் சொல்வது. அவர் திட்டி முடிக்கும்வரை, எவ்வளவு நேரம் ஆனாலும், நின்ற இடத்தை விட்டு நகராமல் இருப்பது.